நாலாவது ஆள்

பெண் பார்க்க வந்த அன்று யார் யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். கூடத்து வடக்குச் சுவரை ஒட்டிய சோபாவில் முனியராஜ். அதே சோபாவின் நுனியில், பாதி இடம் தனக்கு வேண்டாம் என்பதுபோல, அவருடைய மகன் பாலகுரு. அவன்தான் மாப்பிள்ளைப் பையன். அவனுடைய அம்மா முத்துப்பேச்சி எதிரே பாயில். பெண்ணின் அப்பா பெத்தணன் வாசற்படி ஓரமாகப் பிளாஸ்டிக் நாற்காலியில், யார் வந்தாலும் எழுந்துகொள்ள வசதியாக. பெண்ணின் தாய்மாமன் வெள்ளைத்துரை மின்விசிறிக்கு நேர் கீழே. பெண்ணின் அம்மா அடுக்களை வாசலில் நின்றாள். கடைசிவரை உட்காரவில்லை, அதனால் கணக்கில் சேராது. பெண்ணின் அக்கா மகள், சின்னப் பாப்பா ஒன்று, எவர் மடியிலும் தங்காமல் கூடத்தைச் சுற்றிக்கொண்டிருந்தது. பெண் அழகுமீனா இன்னும் உள்ளே இருந்தாள்.

பையன் வீட்டார் நாலு பேர். நாலாவது ஆள் முத்துப்பேச்சியின் மடியிலிருந்த மஞ்சள் பைக்குள், வாழைச்சீப்புக்கும் தேங்காய்க்கும் நடுவில், தலைகீழாக இருந்தார்.

அது ஒரு பொம்மை. உல்லன் நூலில் பின்னியது. பச்சைப் பாவாடை, மஞ்சள் சட்டை, இரட்டைச் சடை, சடை நுனியில் சிவப்பு முடிச்சு. மூக்கு இருந்தது, வாய் இருந்தது, கண் மட்டும் இன்னும் வைக்கவில்லை.

பொம்மையை ஆளாக எண்ண வேண்டி வந்தது அன்று காலையில்தான். பாலகுருவின் தங்கை மாரிச்செல்வி சாத்தூரில் வாக்கப்பட்டவள். அவளும் வருவதாக ஏற்பாடு. விடிந்ததும் போன் வந்தது. பிள்ளைக்குக் காய்ச்சல், நீங்கள் போய் வாருங்கள் என்றாள். நாலு பேர் மூணு பேராகிவிட்டார்கள். நல்ல காரியத்துக்கு மூணு பேராகப் போனால் காரியம் முறியும் என்பது முத்துப்பேச்சி பிறந்த ஊரிலும் வந்த ஊரிலும் ஒரே சட்டம். பக்கத்து வீட்டு மதினியை இழுத்துக்கொண்டு போகலாமென்றால் அவள் நேர்த்திக்கடனுக்கு இருக்கன்குடி கோயிலுக்குப் போயிருந்தாள்.

முனியராஜ் எதற்கும் பதறாத மனிதர். இதற்கென்று ஊரில் ஒரு வழி இருக்கிறது. ஒரு கல்லை எடுத்துக் கூடவே கொண்டுபோனால் அது நாலாவது ஆள். அவர் வாசலில் குனிந்து, கொஞ்சம் பார்வையான கல்லாகத் தேட ஆரம்பித்தார்.

“பொண்ணு பாக்கப் போறவுக கல்லைத் தூக்கிக்கிட்டா போவாக?” என்றாள் முத்துப்பேச்சி. “பெறகு கல்லு மாதிரியே ஒருத்தி வந்து வாய்ப்பா.”

“உன்னையப் பாக்க வந்தப்ப எங்கம்மா எந்தக் கல்லைத் தூக்கிட்டு வந்தா?” என்றார் அவர், நிமிராமலே.

பஸ்ஸுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. முத்துப்பேச்சி விடுவிடென்று உள்ளே போய், நெல் கொட்டி வைக்கிற தகர டிரம்மைத் திறந்தாள். முந்தின நாள் அவளே வீட்டிலிருந்த பொம்மைகளையெல்லாம் ஊசி, நூலோடு அள்ளி அதற்குள் போட்டு மூடியிருந்தாள். இப்போது கைக்கு முதலில் தட்டுப்பட்டதை எடுத்து, தூசி தட்டி, பைக்குள் திணித்தாள்.

“தலை இருக்கு, கை கால் இருக்கு. ஆள் கணக்குக்கு இது போதும். ஆனா வெளிய தெரியக்கூடாது, ஆமா.”

பஸ்ஸில் முனியராஜ் மூணு டிக்கெட் வாங்கிவிட்டு, பைக்குள்ளே இன்னொரு ஆள் இருக்கிறது, அதற்கு அரை டிக்கெட் போடணுமா என்று கண்டக்டரிடம் விசாரித்தார். முத்துப்பேச்சி அவர் தொடையில் கிள்ளியது பின்சீட்டு வரைக்கும் தெரிந்தது.

டிரம்முக்குள் ஒளிக்கிற பொருளா அது என்று கேட்டால், முத்துப்பேச்சிக்கு அதற்குக் காரணம் இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் பாலகுரு வேலை முடிந்து வண்டியில் வரும்போது, தார்ரோட்டில் யாரோ காயப்போட்டிருந்த துவரையில் சறுக்கி விழுந்தான். கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தர் அவன். எழுதுகிற கையே ஒடிந்தது. மாவுக்கட்டைப் பிரித்த பிறகும் விரல் மடங்கவில்லை. சோற்றை அம்மாதான் பிசைந்து ஊட்டினாள். விருதுநகரில் கைக்குப் பயிற்சி கொடுத்த அம்மாள் ஒரு கொக்கி ஊசியையும் உல்லன் உருண்டையையும் கொடுத்து, சும்மா இருக்கிற நேரமெல்லாம் நூலைக் கோத்துச் சங்கிலி போட்டுப் பழகுங்கள் என்று அனுப்பினாள். சங்கிலி போட்டான். சங்கிலி வட்டமாயிற்று, வட்டம் உருண்டையாயிற்று. ஒருநாள் உருண்டைக்குள் இலவம்பஞ்சை அடைத்துப் பார்த்தபோது அது யாரோ ஒருவருடைய தலை மாதிரி இருந்தது. அதற்கு உடம்பு பின்னாமல் விட மனசு வரவில்லை.

விரல் சரியாகிவிட்டது. ஊசிதான் கையை விட்டுப் போகவில்லை.

பின்னியதை அவன் வெகுநாள் வைத்துக்கொள்வதும் இல்லை. உரம் வாங்க வந்தவரின் பேத்திக்கு ஒன்று, பால்வாடிக்கு ஒரு கூட்டம், ரேஷன் கடையில் எடை போடுகிறவருக்கு ஒன்று. யாராவது கை நீட்டிவிட்டால் கொடுத்துவிடுவான். கண்ணை மட்டும் முன்கூட்டி வைக்க மாட்டான். வாங்குகிறவரை உட்கார வைத்து, “எங்க பாக்கணும்?” என்று கேட்டு, அவர் சொன்ன பக்கமாகக் கறுப்புப் பட்டன் இரண்டை வைத்துத் தைப்பான். பிள்ளைகள் பெரும்பாலும் ‘என்னைப் பாக்கணும்’ என்பார்கள். சிவகாசி பஸ் டிரைவர் மட்டும், ரோட்டைப் பாக்கட்டும், என்னைப் பாக்க வீட்டுல ஆள் இருக்கு என்றார். அந்தப் பொம்மை இன்னும் அவருடைய பஸ் கண்ணாடியில் ரோட்டைப் பார்த்துத் தொங்குகிறது.

ஊருக்கு இது பிடித்துத்தான் இருந்தது. சம்பந்தம் பேச வந்தவர்களுக்குத்தான் பிடிக்கவில்லை. முதலில் வந்த வீட்டு அத்தைக்காரி, ஜன்னலில் வரிசையாக இருந்த பொம்மைகளைப் பார்த்து, வீட்டில் பொம்பளைப் பிள்ளைகள் அதிகமோ என்று கேட்டாள். பையன் பின்னினது என்றதும் காபியை முழுக்கக் குடிக்காமல் எழுந்தாள். அடுத்து வந்தவர்கள், பையனுக்கு வேறு ஏதும் கோளாறு உண்டா என்று ஊருக்குள் நாலு இடத்தில் விசாரித்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார்கள். பாலகுருவுக்கு வயது முப்பதைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தது. இந்த இடத்துக்காரர்களும் எப்போது வேண்டுமானாலும் வீடு பார்க்க வந்து நிற்கலாம். அதனால்தான் டிரம்.

விஸ்வநத்தத்தில், பெண் வீட்டுக் கூடத்தில் எல்லாம் ஒழுங்காகத்தான் போனது, முத்துப்பேச்சி தட்டுக் கேட்டுப் பழத்தை எடுத்து வைக்கிறவரை. வாழைச்சீப்பை இழுத்தாள். சீப்போடு சேர்ந்து பச்சைப் பாவாடை வந்தது, இரண்டு கால் வந்தது. அவள் அமுக்கி உள்ளே தள்ளுவதற்குள் பாப்பா வந்து நின்றுவிட்டது. கையை மட்டும் நீட்டிற்று.

அம்மா தலையை ஆட்டியதைப் பாலகுரு பார்த்தான். ஆனாலும் எழுந்து போய், பைக்குள்ளிருந்து பொம்மையை எடுத்துப் பாப்பா கையில் கொடுத்தான். பாப்பா அதை மார்போடு அணைத்துக்கொண்டு சோபாவுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டது. அதுவரை அது உட்கார்ந்து அந்த வீட்டில் யாரும் பார்த்ததில்லையாம்.

வெள்ளைத்துரை விடவில்லை. பாப்பாவைக் கொஞ்சிக் கெஞ்சிப் பொம்மையை வாங்கி, புரட்டிப் பார்த்தார். தையலை இழுத்துப் பார்த்தார். கையைப் பிடித்துத் தொங்கவிட்டுப் பார்த்தார். வெடிக் கம்பெனிகளுக்குக் கிப்ட் பெட்டி அடைத்துக் கொடுக்கிற தொழில் அவருக்கு. எந்தப் பொருள் கைக்கு வந்தாலும் அது பெட்டிக்குள் எத்தனாவது அடுக்கில் உட்காரும் என்றுதான் அவருடைய கண் பார்க்கும்.

“பீஸ் நல்லா இருக்கே. யார் பின்னுனது?”

பாலகுரு வாயைத் திறந்தான். அதற்குள் முத்துப்பேச்சி, “என் மகதான். மாரிச்செல்வி. கைவேலைல கெட்டிக்காரி” என்றுவிட்டாள்.

முனியராஜ் அண்ணாந்து மின்விசிறியைப் பார்த்தார். பாலகுரு திறந்த வாயை மூடிக்கொண்டான்.

அவ்வளவுதான் நடந்தது. ஆனால் அந்த ஒரு வார்த்தை கூடத்துக்குள் கால் நீட்டி உட்கார்ந்துகொண்டது. வெள்ளைத்துரை கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார். வெடிப் பெட்டியோடு ஒரு பொம்மை இலவசம் என்று போட்டால் வடக்கே பிய்த்துக்கொண்டு போகும், இதுவரை எந்தக் கம்பெனியும் செய்ததில்லை, அண்ணாச்சி மகளுக்கு ஒத்தாசைக்கு நாலு பிள்ளைகளைக் கூட்டிவிட்டால் சீசனுக்குள் லோடு ஏற்றிவிடலாம் என்றார். எல்லாம் ஒரே அளவு, ஒரே நிறமாக இருக்க வேண்டும், அது ஒன்றுதான். சம்பந்தத்தோடு தொழிலும் சேர்ந்தால் இரண்டு குடும்பத்துக்கும் பிடிப்பு என்றார். முத்துப்பேச்சிக்கு அந்தக் கடைசிப் பேச்சு மட்டும்தான் காதில் விழுந்தது. அதற்கென்ன, செய்யச் சொல்லிட்டாப் போச்சு என்றாள்.

அழகுமீனா காபித் தட்டோடு வந்து, கொடுத்துவிட்டு, தலையை அதிகம் குனியாமல் போனாள். பிறகு பெத்தணன், பிள்ளைகள் ரெண்டும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளட்டும் என்று பக்கத்து அறையைக் காட்டினார்.

அறைச் சுவர் முழுக்க நாள்காட்டி. தேதி கிழிக்கிற காலண்டர் அட்டைகள், அச்சுக்குப் போகாத மாதிரித் தாள்கள். அவள் சிவகாசியில் காலண்டர் கம்பெனியில் டைப் செய்கிறவள்.

“அடுத்த வருஷத்து நல்ல நேரம், ராகு காலம் எல்லாம் இப்பவே அடிச்சு முடிச்சாச்சு” என்றாள். “இன்னைக்கு உங்க ராசிக்கு என்ன போட்டுருக்கேன் தெரியுமா? ‘அலைச்சல்’.”

“ரெண்டு பஸ் மாறித்தான் வந்தோம்” என்றான் பாலகுரு.

அவள் சிரித்ததில் அவனுக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. பொம்மை எப்படி அந்தப் பைக்குள் வந்தது என்பதை, கல்லில் தொடங்கி அரை டிக்கெட் வரை சொன்னான். அவள் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டாள்.

“மூணு பேர் போகக்கூடாதுன்னு எங்க கேலண்டர்ல நாங்க போடலையே. எடம் இருந்தா அதையும் போட்டுருப்பாக.” பிறகு, “நாலாவதா வந்தவுகளுக்குக் காபி குடுக்காம விட்டுட்டேன் பாருங்க” என்றாள்.

பாப்பா கதவிடுக்கில் பொம்மையோடு எட்டிப் பார்த்தது. அழகுமீனா பொம்மையின் முகத்தைத் தடவிப் பார்த்து, உங்க தங்கச்சி கண்ணு வைக்க மறந்துட்டாகளா என்று கேட்டாள்.

“மறக்கல. கண்ணு கடைசியில, குடுக்கும்போதுதான் வைக்கிறது. வாங்குறவுக எங்க பாக்கச் சொல்றாகளோ அந்தப் பக்கமா. முன்னாலயே வச்சுட்டா அது எங்கிட்டோ பாத்துக்கிட்டு இருக்கும். பட்டனை ரொம்ப இழுத்துத் தைச்சா முகம் குழிஞ்சுரும், உள்ள பஞ்சு…”

அங்கே நிறுத்திக்கொண்டான். அவள் அவனுடைய வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சுட்டுவிரல் ஓரத்தில், கொக்கி ஊசி உரசி உரசித் தழும்பேறிய இடம். பேனா பிடிக்கிற தழும்பு அந்த இடத்தில் வராது.

“உங்க தங்கச்சி கையை ஒருநாள் பாக்கணும்” என்றாள்.

இப்போதாவது சொல்லியிருக்கலாம். நான்தான் என்று ஒரே வார்த்தை. பக்கத்துக் கூடத்தில் அம்மாவின் குரல் சந்தோஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தது. அதைக் கேட்டு நெடுநாளாயிற்று. அவன் கையை மடக்கி வேட்டி மடிப்புக்குள் வைத்துக்கொண்டான்.

“சரி, பாப்பாவுக்குக் கண்ணை மட்டும் அனுப்பி வைக்கச் சொல்லுங்க. நான் தைச்சுக் குடுக்கேன்” என்று சொல்லிவிட்டு அவள் எழுந்தாள்.

புறப்படும்போது முனியராஜ், வழக்கமாக எல்லோரும் சொல்கிற மாதிரி, “போய்க் கடுதாசி போடுறோம்” என்றார். இந்தக் காலத்தில் யாரும் கடுதாசி போடுவதில்லை. போன்தான். இருந்தாலும் வேறு எப்படிச் சொல்லி ஒரு பெண் வீட்டிலிருந்து எழுந்து வருவது?

தெருமுனை தாண்டியதும் முத்துப்பேச்சி நின்றாள். “நாலு பேராப் போயி மூணு பேராத் திரும்புறோமே.”

முனியராஜ் குனிந்து ஒரு கல்லை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். வருவதற்குக் கல் ஆகும், போவதற்குத்தான் ஆகாது என்று அவராகவே ஒரு சட்டம் சொன்னார். முத்துப்பேச்சிக்குச் சமாதானம் ஆகவில்லை. வழி நெடுக அவள் பையைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டு வந்தாள்.

அந்த வாரமே வெள்ளைத்துரை போனில் வந்தார். தங்கச்சியிடம் சொல்லி மாதிரிக்கு ஒரு பெட்டி பொம்மை அனுப்புங்கள், கம்பெனி முதலாளியிடம் பேசிவிட்டேன் என்றார். பெண்ணுக்கும் சம்மதம் மாதிரித்தான் தெரிகிறது, பாப்பாவோட பொம்மைக்குக் கண்ணு எப்ப வரும், எப்ப வரும் என்று அழகுமீனா தினமும் கேட்கிறாள், இப்படி அவள் எதையும் கேட்டதில்லை என்றும் சொன்னார்.

முத்துப்பேச்சி போனை வைத்துவிட்டு, சாமி படத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பிறகு மகனிடம் நயமாகச் சொன்னாள். நீயே பின்னிக் குடு, மாரிச்செல்வி பேர்ல அனுப்பிருவோம். கலியாணம் முடியட்டும். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கலியாணம் முடின்னு பெரியவுக சும்மாவா சொன்னாக? நாம சொன்னது ஒண்ணுதானே, இன்னும் எம்புட்டோ பாக்கி கெடக்கு.

பாலகுரு நாலைந்து நாள் சங்கத்திலிருந்து வந்து ஊசியை எடுத்தான்; ஒரே அளவு, ஒரே நிறம் என்று ஆரம்பித்தான். இரண்டாவது பொம்மையிலேயே கை ஓடவில்லை. அந்த ஊர்ப்பக்கம் கை சும்மா இருக்கிற வீடு கிடையாது. தீப்பெட்டி, வெடி, அட்டைப் பெட்டி, காலண்டர் என்று ஏதாவது ஓர் ஆர்டருக்கு எல்லோருடைய விரலும் ஓடிக்கொண்டுதான் இருக்கும். அதை அவன் குறைவாக நினைத்தவன் இல்லை. அந்த வேலையில்தான் பாதி ஊர் சாப்பிடுகிறது. அவனும் நாள் முழுக்கச் சங்கத்துக்குக் கையைக் கொடுத்துவிட்டுத்தான் வருகிறான். சாயந்தரம் வீட்டுக்கு வந்த பிறகு அந்தக் கை அவனுடையதாக இருந்தது. அவ்வளவுதான். இப்போது அந்த நேரத்துக்கும் ஒரு லோடு நிற்கிறது. அதுகூடப் பரவாயில்லை. பின்னி முடித்து ஒன்றைத் தூக்கிப் பார்த்தபோது, இதற்குக் கண் எந்தப் பக்கம் வைப்பது என்று தெரியவில்லை. கேட்பதற்கு எதிரில் ஆள் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மாரிச்செல்வி பிள்ளையோடு வந்தாள். விஷயத்தைக் கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

“ஏம்மா, உனக்கே நல்லா இருக்கா? என் சேலை கிழிஞ்சா நான் ஊக்குக் குத்துறவ. ஊசியில நூல் கோக்க எதுத்த வீட்டுக்குப் போறவ. நாளைக்கு அந்தப் பொண்ணு வந்து, மதினி, ஒரு வரிசை போட்டுக் காட்டுங்கன்னு ஊசியைக் குடுத்தா, நான் அதை வச்சுக் காது குடையவா?”

“அப்பப் பாத்துக்கிடலாம்ளா.”

“எப்பப் பாப்ப? அண்ணன் வருஷம் பூராவும் கதவைச் சாத்திக்கிட்டுப் பின்னவா? கட்டுன பொண்டாட்டிக்குத் தெரியாம டிரம்முக்குள்ள ஒளிக்க இது என்ன, சாராயமா?”

முனியராஜ் சிரித்துவிட்டார். முத்துப்பேச்சி அவரை முறைத்துவிட்டு, எல்லோரும் சேர்ந்து இந்த எடத்தையும் கெடுங்க, எனக்கென்ன என்று அடுக்களைக்குள் போய்ப் பாத்திரத்தை உருட்டினாள்.

பாலகுரு சங்கத்துக் கைப்பையிலிருந்து நல்ல வெள்ளைத் தாள் ஒன்றை எடுத்து, மடக்கு மேஜையைக் கூடத்தில் போட்டு உட்கார்ந்தான். ஊரில் யாருக்கு மனு வேண்டுமென்றாலும் அவன்தான் எழுதுவான். எதையும் முதலாவது, இரண்டாவது என்று வரிசைப்படுத்தி எழுதிப் பழகிய கை. அழகுமீனாவுக்கு நேராக எழுதுவது முறையல்ல. பெத்தணன் பெயருக்கே எழுதினான்.

“மரியாதைக்குரிய அய்யா அவர்களுக்கு, பாலகுரு எழுதிக்கொண்டது. இங்கு அனைவரும் நலம். அங்கும் நலம் என்று நம்புகிறேன். போய்க் கடுதாசி போடுகிறோம் என்று சொல்லிவிட்டு வந்தோம். அதன்படி போடுகிறேன். அன்று கூடத்தில் இருந்த எல்லோரும் கேட்கும்படி இதைப் படிக்கச் செய்ய வேண்டுகிறேன்.

முதலாவது. அந்தப் பொம்மையைப் பின்னியது நான். என் தங்கை இல்லை. கேட்டபோது நான் பேசாமல் இருந்தேன். உங்கள் மகள் கேட்டபோதும் பேசாமல் இருந்தேன். அது தவறு.

இரண்டாவது. கலியாணத்துக்குப் பிறகும் பின்னுவேன். யாருக்காவது கொடுப்பேன். விற்பனைக்குச் செய்ய என்னால் ஆகவில்லை, செய்து பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். மாமா அவர்கள் எனக்காக முதலாளியிடம் வாக்குக் கொடுத்திருந்தால் மன்னிக்க வேண்டும்.

மூன்றாவது. பாப்பாவுக்கு இரண்டு கண் இதனுடன் இருக்கிறது. எங்கே பார்க்க வேண்டும் என்று பாப்பாவையே கேட்டுக்கொள்ளவும். நூலை ரொம்ப இழுக்க வேண்டாம், முகம் குழிந்துவிடும்.

நாங்கள் நாலு பேராக வந்தோம். நாலாவது ஆள் உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும், கொடுத்ததைத் திரும்பக் கேட்கும் வழக்கம் எனக்கு இல்லை. இதெல்லாம் தெரிந்த பிறகும் உங்கள் மகளுக்குச் சம்மதமானால் எங்களுக்கு ஒரு வரி எழுதவும். இல்லையென்றாலும் வருத்தமில்லை என்று எழுத நினைத்தேன். வருத்தம் இருக்கும்.”

எழுதி முடித்துக் கையெழுத்துப் போடும்போது, பாத்திரச் சத்தம் நின்றிருந்தது. முத்துப்பேச்சி நிலைப்படியில் நின்றாள்.

“என்ன எழுதிருக்க? படி.”

படித்தான். அவள் சுவரில் சாய்ந்துகொண்டு கேட்டாள்.

“மகதான் பின்னுனான்னு சொன்னது நானு. அதை எழுதலையே.”

“நான் பேசாம இருந்தேன்ல. அது போதும்மா.”

முத்துப்பேச்சி வந்து மேஜையோரம் உட்கார்ந்தாள். அவனுடைய வலது கையை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள், ஏதோ சந்தையில் வாங்குகிற பொருள் மாதிரி.

“இந்த வெரல் மடங்காமக் கெடந்தப்ப நான் இருக்கன்குடியாளுக்குக் கைஉருவம் வாங்கிப் போடுறேன்னு நேந்துக்கிட்டேன். மடங்குனதும் போட்டேன். மடங்க வச்ச ஊசியைத்தான் டிரம்முக்குள்ள போட்டுட்டேன்.” மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். “எழுது. அம்மாதான் பயந்து போயிச் சொல்லிட்டா, அவளை வச்சுப் பையனைக் கணக்குப் போடாதீகன்னு எழுது.”

“கடுதாசி முடிஞ்சுருச்சேம்மா.”

“கையெழுத்துக்குக் கீழ எடம் கெடக்குல்ல? எங்க கலியாணப் பத்திரிகையில எங்க தாத்தா பேரையே அப்படித்தான் கீழ போட்டாக.”

எழுதினான். ‘நான்காவது’ என்று எண் போட்டே எழுதினான்.

மாரிச்செல்வி பட்டன் டப்பாவைக் கொட்டி, ஒரே மாதிரி இருக்கிற கறுப்புப் பட்டன் இரண்டைத் தேடிக் கொடுத்தாள். தைக்கத் தெரியாவிட்டாலும் பொறுக்கத் தெரியும் என்று சொல்லிக்கொண்டாள். பாலகுரு அவற்றைச் சின்னத் தாளில் மடித்து, கடிதத்தோடு உறைக்குள் போட்டான். பசை காய்ந்துபோயிருந்தது. முத்துப்பேச்சி மத்தியானச் சோற்றிலிருந்து நாலு பருக்கையை எடுத்து நசுக்கி, உறையை அவளே ஒட்டினாள். ஒட்டிவிட்டு, “பொறு” என்று உள்ளே போனாள்.

மஞ்சள் குழைத்த கிண்ணத்தோடு வந்தாள். துக்கச் சேதிக்கும் வியாபாரச் சேதிக்கும் அது கிடையாது. நல்ல சேதிக்கு மட்டும்தான். விரலால் தொட்டு உறையின் ஒவ்வொரு மூலையாக வைத்தாள். மூணு மூலை வைத்துவிட்டு நாலாவதில் விரல் கொஞ்சம் நின்றது. பிறகு மற்ற மூணையும்விட அழுத்தமாக வைத்தாள்.

“ஆகாதுன்னு பதில் வந்தா?” என்றார் முனியராஜ்.

“வந்தா வரட்டும். மஞ்சளை நான் தடவிட்டேன்.”

தபால்பெட்டி சங்கத்துக்கு எதிரே, வேப்பமரத்தில் மாட்டியிருந்தது. பாலகுருவோடு முனியராஜும் செருப்பை மாட்டினார். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நானும் வருகிறேன் என்று மாரிச்செல்வி புறப்பட்டாள். முத்துப்பேச்சி வாசலில் நின்று தலைகளை எண்ணினாள். மகன், அவன் அப்பா, மகள், அவள் இடுப்பில் பிள்ளை. சரியாக இருந்தது. போங்க என்றாள்.

உறை பட்டன் மேட்டோடு பெட்டி வாயில் கொஞ்சம் சிக்கியது. பாலகுரு விரலால் தள்ளினான். உள்ளே போய் விழுந்தது. தகரத்தின் அடியில் இரண்டு பட்டனும் ‘டக்’ என்று தட்டிய சத்தம் வெளியே நின்ற நாலு பேருக்கும் கேட்டது.